வீடு வந்து சேரும் விலை: மயிலாப்பூர்க் கொலு பொம்மைகளும் இணையச் சந்தையும்

நவராத்திரிக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் கொலு பொம்மைக் கடைகள் வந்துவிடும். காஞ்சிபுரம், பண்ருட்டி, வில்லியனூர், சென்னைக் கொசப்பேட்டை என்று பல ஊர்ச் சரக்கை அங்கே ஒரே நடையில் பார்த்துவிடலாம். பேரம் முடிந்ததும் கடைக்காரர் பொம்மையைப் பழைய நாளிதழில் சுற்றிப் பையில் வைத்துக் கொடுப்பார். அதை அடையாற்றுக்கோ தியாகராய நகருக்கோ கொண்டுபோகும் ஆட்டோச் செலவு வாங்கியவருடையது. எது பொம்மையின் விலை, எது வழிச்செலவு என்பதில் அங்கே யாருக்கும் ஐயம் வந்ததில்லை. அதே பொம்மையை இணையச் சந்தையில் வைத்ததும் இரண்டும் கலந்துவிடுகின்றன. எப்படிக் கலப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் விற்பவர். அந்த முடிவைப் பெரும்பாலோர் யோசிக்காமலே எடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

‘டெலிவரி இலவசம்’ என்று நாடு முழுமைக்கும் ஒரே விலை போடுவதுதான் இன்று வழக்கமாகிவிட்டது. இடத்தை அடைப்பதும் எளிதில் உடைவதுமான கொலு பொம்மைக்கு அது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். முதலில் பெட்டியைச் சுருக்க வேண்டும். பிறகு, தூரத்துக்கு ஏற்ற கட்டணத்தைத் தொடக்கத்திலேயே மொத்த விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும். இந்த வரிசை முக்கியம்.

பெட்டியிலிருந்தே தொடங்குவோம். காகிதக்கூழ் பொம்மை மண் பொம்மையைவிட லேசானது, சட்டென்று உடையாதது. அதனால் அனுப்பும் செலவும் குறைவு என்று தோன்றும். கூரியர்க்காரரின் கணக்கு வேறு. தராசு காட்டும் எடை ஒன்று. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் கன எடை மற்றொன்று. எது அதிகமோ அதற்குத்தான் பணம். ஓரடி உயரச் சரஸ்வதியை 40×25×25 அளவுள்ள பெட்டியில் வைத்தால் பெருக்குத்தொகை 25,000. கன எடை 5 கிலோ. தராசில் அந்தப் பெட்டி இரண்டு கிலோவைக்கூடத் தொடாமல் இருக்கலாம். அதே பொம்மையை 36×20×20 பெட்டியில் அடக்க முடிந்தால் 14,400. கன எடை 2.88 கிலோ. அளவுக்கு நான்கைந்து சென்டிமீட்டர் குறைத்ததில் இரண்டு கிலோவுக்கு மேல் கழிந்துவிட்டது. விலையில் பத்து ரூபாய் குறைக்கலாமா என்று இரவெல்லாம் யோசிக்கும் விற்பனையாளர் முதலில் கையில் எடுக்க வேண்டியது ஓர் அளவுநாடாவை.

பெட்டி சிறுத்தால் பொம்மை உடையாதா? உடையும், கட்டும் முறை மாறாவிட்டால். பொம்மையில் முதலில் முறிவது நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகள்: வீணையின் தண்டு, ஆசீர்வதிக்கும் கையின் விரல், கிரீடத்தின் நுனி. பெட்டியின் சுவரோரம் தெர்மோகோலை அடைப்பதைவிட, இந்த உறுப்புகளுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள பள்ளங்களைத் தாள்சுருளால் நிரப்பி, பொம்மை முழுவதையும் ஒரே உருளையாகச் சுற்றிவிடுவது நல்லது. அப்போது அசைவதற்கு இடமே இராது. மூடியபின் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக்கூடாது. மண் பொம்மைக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. அங்கே பெரும்பாலும் உண்மை எடையே முந்திக்கொள்ளும். ஆகவே மண்ணையும் கூழையும் ஒரே டெலிவரிக் கட்டணத்தில் வைப்பது எப்படியும் தவறு.

கட்டணம் பெரும்பாலும் முதல் அரைக் கிலோவுக்கு அதிகமாகவும் அடுத்தடுத்த அரைக் கிலோக்களுக்குக் குறைவாகவும் அமைகிறது. இந்த இடத்தில் நம் மரபே கைகொடுக்கிறது. தசாவதாரம், அஷ்டலட்சுமி, கல்யாண செட் என்று கொலுவில் தொகுப்புகளுக்குக் குறைவில்லை. பத்து அவதாரங்களைப் பத்துப் பெட்டியில் அனுப்புவதற்கும் ஒரே பெட்டியில் அடுக்கி அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு செட்டின் விலையில் தெரிய வேண்டும். தெரிந்தால் வாங்குபவர் தாமாகவே செட்டுக்கு வருவார்.

இனி ஒரே விலையின் வினை. ஓர் எடுத்துக்காட்டு. பொம்மை 600 ரூபாய். சென்னைக்குள் அனுப்ப 80, டெல்லிக்கு 320 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊரிலும் சம எண்ணிக்கையில் வாங்குகிறார்கள் என்று நம்பி, சராசரி 200ஐச் சேர்த்து 800 ரூபாய், டெலிவரி இலவசம் என்று போடுகிறார் விற்பவர். அடையாற்றுக்காரருக்கு இது 120 ரூபாய் கூடுதல் சுமை. அவர் ஒரு மாலைப் பொழுதில் மாடவீதிக்கே போய்விடுவார். டெல்லித் தமிழருக்கோ 120 ரூபாய் லாபம், அவர் வாங்குவார். பக்கத்தில் இருப்பவர்கள் விலக விலக, மிஞ்சுகிறவர்களின் சராசரிச் செலவு 200இலிருந்து 320ஐ நோக்கி ஏறும். விற்பவர் விலையை ஏற்றுவார். மேலும் சிலர் விலகுவார்கள். பழைய கார்ச் சந்தையை வைத்து 1970இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கெர்லாஃப் விளக்கிய சந்தைச் சிதைவு தரம் தெரியாமையால் வருவது. இங்கே தூரத்தை மறைப்பதால் அதற்கு ஒப்பான நிலை வருகிறது. வெளியேறுபவர், பொம்மையை நேரில் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளக்கூடிய, ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்ற வழக்கமுள்ள அண்டை வாடிக்கையாளர். அவரை இழப்பது சிறிய இழப்பல்ல.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. இணையச் சந்தை வழியாக விற்பவர் எவ்வளவு சிறியவரானாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை பதிவு வரம்பைத் தாண்டாதவர்கள் தம் மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்றால் பதிவின்றியே இணையச் சந்தைக்கு வரலாம் என்று விலக்கு கிடைத்தது. தமிழ்நாட்டில் பொருள் விற்பனைக்கு அந்த வரம்பு 40 லட்சம் ரூபாய். இந்த வழியில் வரும் பொம்மை செய்யும் குடும்பம் டெல்லிக்கு அனுப்பவே போவதில்லை. பிறகு ஏன் நாடு முழுவதற்குமான விலையைச் சுமக்க வேண்டும்?

எதிர்வாதங்கள் வலுவானவை, அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. சுழியம் என்ற விலைக்குத் தனி ஈர்ப்பு உண்டு என்பதை ஷாம்பனியர், மஸார், ஏரியலி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2007இல் சாக்லேட் சோதனைகளால் காட்டினார்கள். இணையச் சந்தை நிறுவனமான எட்சி 2019இல், அமெரிக்காவில் 35 டாலருக்கு மேற்பட்ட வாங்கலுக்கு இலவசமாக அனுப்பும் கடைகளைத் தேடலில் முன்னிறுத்தத் தொடங்கியது. இன்னொரு பக்கம், ஹொசைனும் மார்கனும் 2006இல் வெளியிட்ட ஈபே ஏலச் சோதனை வேறொன்றைச் சொன்னது. 4 டாலர் தொடக்க விலை, அனுப்பக் கட்டணமில்லை என்பதைவிட, ஒரு சென்ட் தொடக்க விலை, 3.99 டாலர் கட்டணம் என்பது கூடுதல் வருவாய் தந்தது. அப்படியானால் பொம்மை விலையைத் தாழ்த்தி, டெலிவரியை உயர்த்திக் கடைசியில் காட்டலாமே என்று கேட்பார்கள்.

அந்த ஈபே சோதனையில் விற்றவை இசைக் குறுந்தட்டுகளும் வீடியோ விளையாட்டுத் தட்டுகளும். எந்த ஊருக்கு அனுப்பினாலும் மெல்லிய உறை, எளிதில் உடையாத பொருள், மறுபடி சந்திக்க வேண்டியிராத வாடிக்கையாளர். பொம்மைக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தாது. ஹொசைனும் மார்கனும் பிரவுன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து தைவானிலும் அயர்லாந்திலும் ஐபாடுகளை ஏலம்விட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. கட்டணம் மறைந்திருக்கும்போது அதை உயர்த்துவது வருவாயைக் கூட்டியது உண்மை. ஆனால் கட்டணம் குறைவாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்வதே விற்பவருக்கு நல்லது என்பதும் அதில் தெரிந்தது. பெட்டியைச் சுருக்குவது முதலில் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கட்டணம் குறைந்தபின் ஒளிக்கத் தேவை இராது.

ஒளிக்க அனுமதியும் இல்லை. 2020இன் நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகள், மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதில் டெலிவரி உள்ளிட்ட கட்டணங்கள் எவ்வளவு என்ற பிரிவினையையும் விற்பவர் காட்ட வேண்டும் என்கின்றன. தொடக்கத்தில் சொல்லாத கட்டணத்தைப் பணம் செலுத்தும் கட்டத்தில் சேர்ப்பதை, 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் தடை செய்யப்பட்ட ஏமாற்று உத்திகளில் ஒன்றாக வகைப்படுத்தின. வாங்குபவர் தம் பின்கோடைத் தொடக்கத்திலேயே இட்டுவிட்டால் இது எளிது. அடையாற்றின் 600020 என்று தட்டினால் 680, டெல்லியின் எண்ணுக்கு 920, இரண்டிலும் பொம்மை 600 என்ற பிரிவினையோடு.

கொலு பொம்மையின் விலைக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: தேதி. விஜயதசமிக்கு மறுநாள் வரும் பொம்மைக்கு மதிப்பில்லை. உடைந்த பொம்மையைக் கொலுப்படியில் வைக்கவும் மனம் ஒப்பாது. மாற்றுப் பொம்மை அனுப்ப நாள் இருக்கும்படி ‘கடைசி ஆர்டர் தேதி’ ஒன்றைப் பக்கத்தின் மேலேயே போடுவது, பத்து விழுக்காடு தள்ளுபடியைவிட நம்பிக்கை தரும். தேதி நெருங்கும்போது விரைவு அனுப்புதலுக்குத் தனிக் கட்டணம் வாங்குவதிலும் தவறில்லை, அது முன்கூட்டியே தெரிந்திருந்தால்.

வெளிநாட்டுத் தமிழர்களைப் பொறுத்தவரை தேதியின் முக்கியத்துவத்தை 2025 உறைக்கச் செய்தது. 800 டாலருக்குட்பட்ட பொருள்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அங்கே பார்சல் அனுப்புவதை நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு நவராத்திரி தொடங்கியது செப்டம்பர் 22. அஞ்சல் மீண்டும் திறந்தது அக்டோபர் 15. அதற்குள் கொலு கலைந்து பொம்மைகள் பெட்டிக்குள் போய்விட்டன. திறந்தபோது, சுங்கவரியை அனுப்புகிறவரிடம் பதிவின்போதே வாங்கும் ஏற்பாட்டோடு திறந்தது. நியூ ஜெர்சி வாடிக்கையாளருக்கான விலையில் இனி பொம்மை, பெட்டி, தூரம் என்பவற்றோடு வரியும் ஒரு வரியாக அச்சாக வேண்டும். அந்த வாடிக்கையாளருக்குக் கடைசி ஆர்டர் தேதியும் ஆடி மாதத்திலேயே முடிந்துவிட வேண்டும்.