ஏற்றுமதியான கனவு: இலங்கைத் தேயிலையும் சப்பிரகமுவத் தோட்டங்களும்

ஒரு நாட்டின் பண்டம் அந்நியச் சந்தையை அடையும்போது, அந்நாட்டைப் பற்றிய கற்பனையொன்றும் அதனுடன் விற்பனையாகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யப்பானிய அச்சோவியங்களும் விசிறிகளும் ஐரோப்பிய நகரங்களிற் பரவியபோது, யப்பான் என்றாலே அழகும் அமைதியும் என்ற எண்ணம் அங்கு வேரூன்றிற்று. அந்நாட்டு நெசவாலைப் பெண்களின் துயரை ஹொசோய் வகிசோ 1925 இல் நூலாக எழுதினார். ஐரோப்பியர் கனவுகண்ட யப்பானில் அப்பெண்களுக்கு இடமிருக்கவில்லை.

இலங்கைத் தேயிலையின் வரலாறும் இவ்வாறே நோக்கத்தக்கது. உலகப் பொருளாதார மந்தத்தினால் தேயிலை விலை வீழ்ந்து, தோட்டக் கூலி குறைக்கப்பட்ட காலத்தில், 1932 இல், தேயிலைப் பிரசார சபை நிறுவப்பட்டது. அதன் ஆதரவிற் பசில் றைற் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற விவரணப்படம் 1934 இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு பிரசெல்ஸ் விழாவிற் பரிசும் பெற்றது. றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை லயனல் வென்ட் வாசிக்க, சிவனொளிபாதமலை ஏறும் பௌத்த யாத்திரிகருடன் படம் தொடங்குகின்றது. வணிகத்துக்குரிய பகுதியில் சந்தை விலைகளைக் கூறும் குரல்கள் ஒலிக்கின்றன. இதனை வணிகத்தின் மீதான விமர்சனமாகக் கொள்வாரும் உளர். ஆயினும் தேயிலைக்காக எடுக்கப்பட்ட இப்படத்தில், தோட்டத் தமிழ்த் தொழிலாளரின் வரலாறோ வாழ்க்கையோ பொருளாகவில்லை.

அம்மலை இரத்தினபுரி மாவட்ட எல்லையில் உள்ளது. அதன் அடிவாரம் தொட்டுப் பரந்த சப்பிரகமுவத்தின் யதார்த்தம் வேறு. 1934 இன் இறுதியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. மிகவும் பாதிக்கப்பட்ட பகுதிகளுட் கேகாலையும் ஒன்று. காலங்கடந்த அமைதித் தீவாக இலங்கை இலண்டன் திரையில் தோன்றிய காலத்திலேயே இங்குள்ள கிராமங்கள் இடுகாடாயின.

இக்கற்பனை எல்லாப் பண்டங்களையும் சாரவில்லை என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தோருட் கொழுந்து பறித்தோரும் இருந்தனர், இறப்பர் பால் வெட்டியோரும் இருந்தனர். பால் வெட்டுபவரின் உருவம் உலகறிந்த சின்னமாகவில்லை. இறப்பர் ஆலைக்குள் சென்று சக்கரமாக மாறுகின்றது; தேயிலையோ நேரே நுகர்வோர் கிண்ணத்தை அடைகின்றது. எனவே அதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கூடை சுமந்த பெண் அம்முகமானாள். உழைப்பவள் என்ற நிலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இயற்கைக் காட்சியின் ஓர் அங்கமாக அவள் ஆக்கப்பட்டாள்.

படத்தில் இடம்பெற்றவளுக்கு நாட்டில் இடமிருந்ததா? 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதித் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டு அகதிகளாயினர். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது. இக்கொடுமைகளுக்கு விளம்பரமே காரணம் என்பது எமது வாதமன்று. ஓர் உருவத்தை உலகம் வியந்து போற்றும்போதே, அவ்வுருவுக்குரிய மக்கள் உரிமையற்றிருக்க முடியும் என்பதையே இவ்வரலாறு காட்டுகின்றது.

1972 இல் நாடு ‘சிறீலங்கா’ ஆயிற்று. தேயிலை இன்றும் ‘சிலோன்’ தேயிலையாகவே விற்கப்படுகின்றது. இன்றைய உற்பத்தியிற் பாதிக்கு மேற்பட்டது தாழ்நிலத் தேயிலை. இரத்தினபுரி அதன் முக்கிய பிரதேசங்களுள் ஒன்று. ஆயினும் விளம்பரத்தில் நிலைத்திருப்பது பனிபடர்ந்த உயர்மலையே. சந்தை தனக்குப் பயன்படும் பழமையைக் கைவிடுவதில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக நாட்டார் பாடல்களிற் கங்காணியும் கடனும் பிரிவும் பேசப்படுகின்றன. விளம்பரம் மௌனமாக்கிய மக்கள் தம்மைத் தாமே கூறிய சான்றுகள் அவை. சப்பிரகமுவத் தோட்டங்களின் வாய்மொழிச் சான்றுகளையும் அவ்வாறே திரட்டுதல் ஆய்வாளர் கடன். அவ்வரலாறு எழுதப்படும்வரை, பொதியின் மேலுள்ள படமே வரலாறாக நின்றுவிடும்.