சுப்பர்மேன் மறித்து நின்ற கும்பல்

1951ஆம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் திரையரங்குகளுக்கு 58 நிமிடங்கள் மட்டுமே ஓடும் ஒரு படம் வந்தது. 'சுப்பர்மேன் அண்ட் த மோல் மென்' என்பது அதன் பெயர். சுப்பர்மேனும் அகழெலி மனிதர்களும் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். லீ ஷோலம் இயக்கினார். சுப்பர்மேனாக நடித்தவர் ஜோர்ஜ் ரீவ்ஸ். அதற்கு முன்னர் சுப்பர்மேன் கார்ட்டூனாகவும், அத்தியாயம் அத்தியாயமாகக் காட்டப்படும் தொடர்படமாகவும் வந்திருந்தான். முழுநீளக் கதைப்படமாக வந்தது அதுவே முதற் தடவை. சொற்பக் காசுக்குள் அவசரமாக எடுத்து முடித்த படம் என்பது பார்த்தவுடனேயே விளங்கும். நிலத்தடி மனிதர்களின் பயங்கர ஆயுதமாகக் காட்டப்படுவது வீட்டில் தூசு உறிஞ்சும் இயந்திரமொன்றின் உடல். நான் அதைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது பக்கத்தில் இருந்த பேரன் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். சண்டையே இல்லையே என்பது அவனது முறைப்பாடு.

கதை இதுதான். சில்ஸ்பி என்ற சிற்றூரில் உலகிலேயே ஆழமான எண்ணெய்க் கிணற்றைத் தோண்டுகிறார்கள். துளை ஏறத்தாழ ஆறு மைல் இறங்கியதும் வேறோர் உலகத்தின் கூரை உடைபடுகிறது. அங்கே வாழும் குள்ளமான, வழுக்கைத் தலையர் இருவர் இரவில் மேலே ஏறி வருகிறார்கள். அவர்களைக் கண்ட அதிர்ச்சியில் கிழட்டுக் காவற்காரன் செத்துப் போகிறான். அவர்கள் தொட்ட பொருட்கள் இருட்டில் மினுங்குகின்றன. நஞ்சு என்றும் கதிர்வீச்சு என்றும் பேச்சுக் கிளம்புகிறது. ஒரு வீட்டு அறைக்குள் நுழைந்த அந்த இருவரோடும் அங்கிருந்த சிறுமி பயமே இல்லாமல் பந்து உருட்டி விளையாடுகிறாள். தாய் வந்து பார்த்து அலறுகிறாள். அந்த அலறலோடு ஊர் திரள்கிறது. லூக் பென்சன் என்பவன் துவக்குகளோடு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வேட்டைக்குப் புறப்படுகிறான். வந்தவர்கள் அதுவரை யார்மீதும் கைவைக்கவில்லை.

வதந்தியும் துவக்கும் இருட்டும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவன் அணைக்கட்டின் மீது வைத்துச் சுடப்படுகிறான். கீழே விழுமுன் சுப்பர்மேன் அவனைத் தாங்கிப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டு போகிறான். சத்திரசிகிச்சைக்கு உதவத் தாதி மறுத்துவிடுகிறாள். வெளியில் கும்பல் வந்து நிற்கிறது, உள்ளே கிடப்பவனை வெளியே தா என்று. படத்தின் உச்சம் இந்த இடந்தான். சுப்பர்மேன் வாசலில் தனியே நின்று மறிக்கிறான். ஹிட்லரின் அதிரடிப் படையினரைப் போல நடந்துகொள்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். துவக்கு வைத்திருக்கத் தகுதியில்லாதவர்கள் என்று சொல்லி ஒவ்வொருவரிடமிருந்தும் துவக்கைப் பறிக்கிறான். கடைசியில் நிலத்தடி மனிதர்களின் ஆயுதம் பென்சனைத் தாக்கும்போது குறுக்கே பாய்ந்து அவனையும் காப்பாற்றுகிறான். நன்றி சொல்ல வந்தவனுக்கு, அதற்கும் நீ தகுதியானவன் இல்லை என்பதுதான் கிடைக்கும் பதில். வந்தவர்கள் கிணற்றுக்குள் இறங்கி, போகும்போதே அந்த வழியை எரித்து மூடிவிடுகிறார்கள்.

பென்சனாக நடித்த ஜெஃப் கோரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்தில் அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளைத் தேடும் வேட்டை நடந்துகொண்டிருந்தது. படம் வெளியாவதற்குச் சற்று முன்னர், 1951 செப்டெம்பரில், கோரி மக்கள் சபையின் விசாரணைக் குழுவுக்கு முன்னால் அழைக்கப்பட்டார். தோழர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார். அதன் பிறகு ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஹொலிவூட்டில் அவருக்கு வேலையில்லை. நடிப்புக் கற்பித்துப் பிழைத்தார். ஜாக் நிக்கல்சன் அவரது மாணவர்களில் ஒருவர். கும்பலின் தலைவனாக நடித்தவர், படம் திரைக்கு வந்தபோது கும்பலால் விரட்டப்பட்டவராக இருந்தார்.

இந்தப் பழைய படத்தை நான் தேடிப் போனதற்கு ஒரு விவாதம் காரணம். 2019 ஒக்டோபரில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி, மார்வல் நிறுவனத்தின் வீரநாயகப் படங்கள் சினிமாவே அல்ல, கேளிக்கைப் பூங்காக்கள் என்று சொல்லப்போக, உலகம் முழுவதும் வாதம் கிளம்பிற்று. இவ்வகைப் படங்களிலும் கனமான விடயங்கள் வேண்டும் என்றது ஒரு தரப்பு. சனங்கள் இரண்டரை மணித்தியாலம் கவலை மறக்க வருகிறார்கள், அவர்களுக்குப் பாடம் நடத்தாதீர்கள் என்றது மறுதரப்பு. நம்முடைய இலக்கிய நண்பர்களும் இதையே ஒப்புவிக்கக் கேட்டிருக்கிறேன். அடியிலே இருதரப்புக்கும் ஓர் உடன்பாடு இருக்கிறது: வீரநாயகக் கதை பிறப்பால் இலேசானது, கனம் பிற்பாடு ஏற்றப்படுவது என்பதில். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

சுப்பர்மேன் பிறந்தது 1938இல். கிளீவ்லண்ட் நகரில் வாழ்ந்த, யூதக் குடியேற்றவாசிகளின் பிள்ளைகளான ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் அவனைப் படைத்து, 130 டொலருக்கு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பொருளாதார மந்தத்தின் காலம் அது. முதலாவது இதழில் அவன் பறக்கவில்லை, தாவுகிறான். செய்யாத குற்றத்துக்காக மரணதண்டனை பெறவிருந்த பெண்ணொருத்தியைக் காப்பாற்ற ஆளுநரின் வீட்டுக் கதவைப் பெயர்க்கிறான். மனைவியை அடிக்கும் கணவன் ஒருவனைச் சுவரில் எறிகிறான். வொஷிங்டனில் செனட்டர் ஒருவரை விலைக்கு வாங்கிய தரகனைத் தூக்கிக்கொண்டு மின்கம்பிகளில் ஓடுகிறான். மூன்றாவது இதழில், பாதுகாப்பில்லாத சுரங்கமொன்றின் முதலாளியையும் விருந்துக்கு வந்த அவனது சீமான்களையும் அதே சுரங்கத்துக்குள் அடைபட வைக்கிறான். எட்டாவது இதழில், அரசாங்கம் நல்ல வீடு கட்டிக் கொடுக்கட்டும் என்று சேரிக் கட்டடங்களை இடித்துத் தள்ளுகிறான். வேற்றுக்கிரகத்து அரக்கர்கள் வந்து சேர்ந்தது பிறகு. முதலில் அவன் கை நீண்டது அயலில் இருந்த அநீதியின் பக்கந்தான்.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் என் வாதம் இலகுவாகிவிடும். ஆனால் 1943 குறுக்கே நிற்கிறது.

அந்த ஆண்டு கொலம்பியா நிறுவனம் பட்மேனை முதன்முதலில் திரைக்குக் கொண்டுவந்தது, 15 அத்தியாயத் தொடர்படமாக. யுத்த காலம். வில்லன் டாக்கா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. நடித்தவர் ஜே. கரோல் நெய்ஷ் என்ற ஐரிஷ் வம்சாவளி அமெரிக்கர், முகப்பூச்சினால் ஜப்பானியராக்கப்பட்டிருந்தார். முதல் அத்தியாயத்தில் கமரா ஜப்பானியர் வாழ்ந்த தெருவொன்றின் ஊடாகச் செல்கிறது. தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. பின்னணிக் குரல் அந்த மக்களை இழிசொல்லால் குறிப்பிட்டு, அவர்களை அள்ளிக்கொண்டு போன அரசாங்கத்தின் புத்திசாலித்தனத்தை மெச்சுகிறது. நிஜத்தில் அப்போது, 1942 பெப்ரவரியில் பிறப்பிக்கப்பட்ட ஆணையின் பின்னர், ஏறத்தாழ 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் முட்கம்பி முகாம்களில் இருந்தார்கள். அவர்களுள் பெரும்பான்மையினர் அமெரிக்கப் பிரசைகள். சனிக்கிழமைகளில் சோளப்பொரியோடு உட்கார்ந்திருந்த சிறுவர்களுக்கு அந்தக் காலியான தெரு பொழுதுபோக்காகக் காட்டப்பட்டது. சுப்பர்மேனும் தப்பவில்லை, 1942இன் கார்ட்டூன் ஒன்றில் ஜப்பானிய நாசகாரர்களைப் பல்லும் கண்ணுமாகக் கேலிச்சித்திரமாக்கி வைத்திருந்தார்கள்.

ஆகவே படங்களில் 'செய்தி' வேண்டும் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. 1943இன் பட்மேனில் செய்திக்குப் பஞ்சமில்லை. நான் பார்ப்பது, நாயகனின் முஷ்டி யாருக்கு எதிராக ஓங்கப்படுகிறது என்பதையே. பார்வையாளன் ஏற்கெனவே வெறுக்கும் ஒருவனுக்கு எதிராகவா, அல்லது பார்வையாளனே போய் நின்றிருக்கக்கூடிய ஒரு கூட்டத்துக்கு எதிராகவா? முன்னதுக்குக் கைதட்டல் இலகுவாகக் கிடைக்கும். பின்னதற்குத் துணிவு வேண்டும்.

1951இன் படத்தில் கதை வசனம் ரிச்சர்ட் ஃபீல்டிங் என்று போட்டிருக்கும். அது புனைபெயர். அதன் பின்னால் இருந்தவர்கள் ரொபர்ட் மக்ஸ்வெல், விட்னி எல்ஸ்வர்த் என்ற இருவர். மக்ஸ்வெல் அதற்கு முன் வானொலியில் சுப்பர்மேன் நாடகத்தைத் தயாரித்தவர். 1946 ஜூனில் அந்த வானொலித் தொடரில் 16 பகுதிகளாக ஒரு கதை போனது. சீனக் குடும்பமொன்று ஊருக்குக் குடிவருகிறது. மகன் டொமி, பேஸ்போல் அணியில் பந்தெறியும் இடத்தைத் தன் திறமையால் பிடித்துக்கொள்கிறான். இடத்தை இழந்த பையனின் மாமா ஓர் இரகசிய வெள்ளை இனவாதக் கூட்டத்தின் தலைவன். வீட்டு முற்றத்தில் சிலுவை எரிகிறது. கூ க்ளக்ஸ் க்ளான் என்ற பெயரைச் சொல்லாவிட்டாலும் கேட்டவர்களுக்கு விளங்காமல் இருக்க நியாயமில்லை. எனக்குப் பிடித்த இடம், கூட்டத்தின் மேல்மட்டத் தலைவன் அந்த மாமனைப் பார்த்து ஏளனம் செய்வது. தூய இனம் என்ற கதையையெல்லாம் நீ நிஜமாகவே நம்பிவிட்டாயா, இது அங்கியும் அங்கத்துவமும் விற்கும் வியாபாரமல்லவா என்கிறான் அவன். காலையுணவுத் தானியம் விற்கும் கெலொக் நிறுவனத்தின் அனுசரணையில், பாடசாலை விட்டு வந்த பிள்ளைகளுக்கு ஒலிபரப்பான நாடகத்தில் இது வந்தது.

இந்தத் தொடரைச் சுற்றி ஒரு கட்டுக்கதையும் உலவுகிறது. ஸ்ரெட்சன் கெனடி என்ற எழுத்தாளர் க்ளானுக்குள் ஊடுருவி அதன் இரகசியச் சொற்களை வானொலிக்குக் கொடுத்தார், அதனால் க்ளானே சிரிப்புக்கிடமாகிக் குலைந்தது என்பது அது. 2005இல் 'ஃப்ரீக்கனொமிக்ஸ்' என்ற பிரபல நூலும் அதைத் திருப்பிச் சொல்லிற்று. அடுத்த ஆண்டே அதன் ஆசிரியர்கள், கெனடி தம் கதையை ஊதிப் பெருப்பித்திருக்கிறார் என்று நியூயோர்க் டைம்ஸில் எழுத வேண்டியதாயிற்று. ஒரு நாடகம் ஓர் இயக்கத்தைக் கவிழ்த்தது என்று நம்ப நமக்கெல்லாம் ஆசைதான். அந்த ஆசையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், எரியும் சிலுவையைப் பிள்ளைகளின் நாடகத்தில் வைத்துப் பேசினார்கள் என்பது சிறிய காரியமல்ல.

அப்படியானால் இலேசு எங்கிருந்து வந்தது? அதற்குத் திகதி சொல்லலாம். 1952இல் சுப்பர்மேன் தொலைக்காட்சிக்குப் போனான். மோல் மென் படத்தை இரண்டாக வெட்டி முதற் பருவத்தின் கடைசி இரு அத்தியாயங்களாக்கினார்கள். அப்பருவம் சிறுவர்களுக்கு மிகவும் கடூரமாக இருக்கிறது என்ற அதிருப்தி எழுந்தது. மக்ஸ்வெல் போனார். அவரது இடத்துக்கு எல்ஸ்வர்த் வந்தார். கதைகள் வேடிக்கைக் கதைகளாயின. 1954இல் பிரெட்ரிக் வெர்த்தாம் என்ற மனநல மருத்துவர் சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று நூல் எழுதினார். செனட் உபகுழு விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் அதே ஆண்டு ஒக்டோபரில் தமக்குத் தாமே ஓர் ஒழுக்கக்கோவை எழுதிக்கொண்டார்கள். பொலிஸார், நீதிபதிகள், அரசாங்க உத்தியோகத்தர் ஆகியோருக்கு மரியாதைக் குறைவு ஏற்படும்படி எதையும் சித்திரிக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. 1938இல் செனட்டரின் தரகனைத் தூக்கிய சுப்பர்மேனுக்கு அந்த விதியின் கீழ் வேலையில்லை.

1965இல் 1943இன் பட்மேன் தொடர்படத்தை ஒரே தொடர்ச்சியாகத் திரையரங்குகளில் போட்டார்கள். இளைஞர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் வெற்றியும் 1966இன் கோமாளித்தனமான பட்மேன் தொலைக்காட்சித் தொடருக்கு வழிவிட்டதாகச் சொல்வார்கள். வெறிச்சோடிய தெருவை மெச்சிய குரலும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து போயிருக்க வேண்டும்.

இன்றைய படங்களுக்கு வந்தால், 'சும்மா பொழுதுபோக்கு' என்ற வாதம் எனக்கு இன்னும் பலவீனமாகவே தெரிகிறது. 2008இன் 'அயர்ன் மேன்' ஆப்கானிஸ்தானில் தொடங்குகிறது. அமெரிக்க விமானப்படையின் தளத்திலேயே அதன் காட்சிகள் சில எடுக்கப்பட்டன. 2019இல் 'கப்டன் மார்வல்' வந்தபோது விமானப்படை அந்தப் படத்துக்கு ஒத்துழைத்ததோடு, பெண் விமானிகளைச் சேர்க்கும் விளம்பரத்தையும் திரையரங்குகளில் ஓடவிட்டது. பாரம் ஏற்றப்படாத வண்டிகள் அல்ல அவை. 2018இன் 'பிளாக் பந்தர்' கொஞ்சம் வேறு. இவ்வளவு செல்வத்தையும் ஆயுதத்தையும் வைத்துக்கொண்டு, உலகெங்கும் கறுப்பின மக்கள் மிதிபட்டபோது ஒளிந்திருந்தீர்களே என்று நாயகனின் நாட்டைப் பார்த்து வில்லன் கேட்கிறான். அவனைக் கொல்லத்தான் முடிகிறது, கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. அது 130 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. கனம் கூடினால் சனம் வராது என்பவர்கள் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

வானொலியில் போன அந்தச் சீனக் குடும்பத்தின் கதைக்குப் பின்னாளில் ஓர் உடன்பிறப்பு வந்தது. 2019இல் சீன வம்சாவளி அமெரிக்கரான ஜீன் லுவென் யாங் அதைச் சித்திரக்கதையாகத் திருப்பி எழுதத் தொடங்கி 2020இல் முடித்தார். வரைந்தவர்கள் குரிஹிரு என்ற பெயரில் இயங்கும் ஜப்பானியப் பெண்கள் இருவர். டொமியை விட அவனது தங்கை ரொபர்ட்டா அதில் முன்னுக்கு வருகிறாள். அதில் வரும் சுப்பர்மேன் 1938இல் இருந்தவனைப் போலத் தாவுவதோடு நின்றுகொள்கிறான். பறந்தால் தான் வேற்றுலகத்தான் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அவனுக்குள் இருக்கிறது. புதிய ஊரில் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று ஒதுங்கி ஒதுங்கி நடக்கும் ரொபர்ட்டாவுக்குத்தான் அது முதலில் பிடிபடுகிறது. ஏன் பறக்காமல் இருக்கிறாய் என்று அவனிடம் கேட்பவளும் அவள்தான்.