சென்னையிலிருந்து பலெர்மோ வரை

இத்தாலியின் பலெர்மோவில் கரையேறும் கடலடி கேபிள்களில் ஒன்று சென்னையையும் கொழும்பையும் தொட்டுவிட்டு வருகிறது. சீ-மீ-வீ 4 என்று பெயர். சிங்கப்பூருக்கும் பிரான்சின் மார்செய்க்கும் இடையே ஏறத்தாழ 18,800 கி.மீ. நீளம். சூயஸில் கடலை விட்டு ஏறி, எகிப்தைத் தரைவழியே கடந்து, அலெக்சாந்திரியாவில் மறுபடி கடலில் இறங்குகிறது. 16 தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2004 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டன. 2005 டிசம்பரில் வேலை முடிந்தது.

ஆழ்கடலில் இதன் தடிமன் தோட்டத்துக் குழாய் அளவுதான். நடுவே கண்ணாடி இழைகள், சுற்றிலும் எஃகு, செம்பு, வெளியே பாலிஎத்திலீன் உறை. நங்கூரமும் மீன்வலையும் புழங்கும் கரையோரத்தில் மட்டும் கூடுதலாக எஃகுக் கம்பிக் கவசம். ஒளி கண்ணாடிக்குள் பத்தாயிரம் கிலோமீட்டரை நொடியில் இருபதில் ஒரு பங்கில் கடந்துவிடும்.

இதற்கு முன்னோர் உண்டு. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி போட்டார்கள். அந்தக் காலத்துக் கடலடிக் கம்பிகளுக்கு உறை கட்டபர்ச்சா மரத்தின் பால். அந்தப் பாலுக்காகத் தென்கிழக்காசியக் காடுகளில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். லண்டனுக்குச் சேதி சீக்கிரம் போனதைக் கொண்டாடும் நூல்களில் அந்தக் காடுகளுக்கும் ஓர் அத்தியாயம் வேண்டும்.

பலெர்மோவில் கணிசமான ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள்; போர்க்காலத்தில் வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். பெல்லெக்ரினோ மலையில் நகரின் காவல் புனிதையான ரொசாலியாவின் குகைக்கோயில் இருக்கிறது. அங்கே சைவர்களும் கத்தோலிக்கர்களும் சேர்ந்தே போகிறார்கள். வெறுங்காலோடு மலையேறுவோரும் உண்டு. ஒருகாலத்தில் இவர்கள் ஊரோடு பேச வேண்டுமென்றால் காசை எண்ணி எண்ணித்தான் பேச வேண்டியிருந்தது. இன்று யாழ்ப்பாணத்து அம்மம்மா பேரப்பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே கதைக்கிறார். இந்தக் கேபிளும் பின்னால் வந்த கேபிள்களும் இல்லாமல் அது நடந்திருக்காது. தொழில்நுட்பம் மனிதருக்குச் செய்தவற்றில் இதை நான் மிக உயரத்தில் வைப்பேன்.

ஆனால் இந்தக் கேபிள் அறுந்தும் போகும். 2008 ஜனவரி 30 அன்று அலெக்சாந்திரியாவுக்கு அருகே, அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று சிசிலியை அடுத்த கடலில். இரண்டு முறையும் இந்தியாவில் இணையம் தள்ளாடியது. அறுந்தால் கப்பல் போக வேண்டும். கொக்கியை அடிக்கடலில் இழுத்து, கேபிளைத் தூக்கி, மனிதக் கைகள்தான் இழையோடு இழை ஒட்டவைக்கின்றன.

இத்தகைய கேபிள்களை 25 ஆண்டு உழைப்புக்கே வடிவமைக்கிறார்கள். அந்தக் கணக்கில் 2030ஐ ஒட்டி இதற்கும் வயதாகிவிடும். ஓய்வுபெற்ற கேபிள்களை வெளியே எடுத்து, செம்பையும் எஃகையும் பிரித்து மறுபடி பயன்படுத்தும் கப்பல்கள் இப்போதே இயங்குகின்றன. இருந்தும் பல கேபிள்கள் கடலடியிலேயே கிடக்கின்றன. உயிரினங்கள் படர்ந்துவிட்ட இடங்களில் அப்படியே விடுவது நல்லது என்பார்கள், அதை ஏற்கிறேன். மற்ற இடங்களில் எடுத்தே ஆக வேண்டும். புதிய கேபிளுக்குக் கையெழுத்திடும் அன்றே பழையதை எடுக்கும் செலவையும் சேர்த்து எழுத வேண்டும்.