எக்ஸ்பி போட்ட விஸ்டா வேஷம்

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்துச்சு. அப்போ மயிலாப்பூர், தி.நகர் பக்கம் நான் பார்த்த வீட்டு கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் 256 எம்பி ராம்தான். விஸ்டாவின் கண்ணாடி ஜன்னல்களுக்கு, அதாங்க ஏரோவுக்கு, மைக்ரோசாஃப்ட் கேட்டது 1 ஜிபி. ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், காசுக்கு எங்க போறது? அதனால 2001-ல் வந்த எக்ஸ்பிக்கே விஸ்டா வேஷம் கட்டினோம்.

இதுல ஒரு சிக்கல். மைக்ரோசாஃப்ட்டின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத தீமை எக்ஸ்பி ஏத்துக்காது. அதைச் சரிபார்ப்பது யுஎக்ஸ்தீம்.டிஎல்எல் என்கிற சிஸ்டம் ஃபைல். அதையே மாத்தணும். 'விஸ்டா டிரான்ஸ்ஃபர்மேஷன் பேக்' போட்டா அந்த வேலையோட ஐகான், ஸ்டார்ட் பட்டன், பூட் ஸ்கிரீன் எல்லாம் சேர்ந்தே மாறிடும். முகம் தெரியாத யாரோ எழுதின புரோகிராம், நம்ம சிஸ்டம் ஃபைலைத் திருத்துது! அன்னைக்கு யாரும் அதைப் பெரிசா எடுத்துக்கலை.

தி.நகரை ஒட்டிய நந்தனத்தில் அரசு நிறுவனமான எல்காட், உமாசங்கர் ஐஏஎஸ் காலத்தில், விண்டோஸை விட்டே சூசே லினக்ஸுக்குப் போனது. வீடுகளில் அது நடக்கலை.

விஸ்டாவில் உண்மையிலேயே புதுசு, முக்கியமான மாற்றங்களுக்கு முன்னால் அனுமதி கேட்கும் யுஏசி. எந்த பேக்கிலும் அது வரலை. வேஷம் கட்டினதோ கட்டாததோ, எக்ஸ்பிக்குப் பொதுவான பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரல் 8-ஓட நின்னுபோச்சு.