புள்ளி அட்டை பிறந்த கதை

1919 ஜூனில் ஸ்டூவர்ட் கிரஹாம் என்ற விமானி, ஹாலிஃபாக்ஸிலிருந்து போர்க்கால நீர்விமானம் ஒன்றைக் கனடாவின் கியூபெக் மாநிலத்துக் காட்டு ஏரிக்கு ஓட்டிவந்தார். வழி பார்த்துச் சொன்னவர் அவருடைய மனைவி மேட்ஜ். அரசிடம் அந்த விமானத்தை இரவல் கேட்டு வாங்கியவர், லாரன்டைட் காகித நிறுவனத்தின் வனவியலாளர் எல்வுட் வில்சன். காட்டுத்தீயைக் கண்டுபிடிக்க வேண்டும், எங்கே எவ்வளவு மரம் நிற்கிறது என்று மேலிருந்து படமும் எடுக்க வேண்டும். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

படங்கள் குவிந்தன. அவற்றைப் பார்த்துக் காட்டின் அடர்த்தியைச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. தரையில் வனத்துறையினர் மார்பளவு உயரத்தில் டேப்பைச் சுற்றி அடிமரத்தை அளப்பார்கள், எண்ணுவார்கள். வானிலிருந்து அடிமரம் தெரியாது, தலைகள் மட்டுமே தெரியும். பெரிய மரத்தின் கீழ் நிற்கும் சின்ன மரம் கணக்கிலேயே வராது. இடைவெளியில் விழும் நிழலும் கறுப்பாகத் தெரிவதால், கண் அதையும் இலை என்று எடுத்துக்கொள்ளும். ஒரே படத்தை ஒருவர் 50 சதவீதம் என்பார், இன்னொருவர் 70 என்பார்.

1947இல் அமெரிக்க வனவியலாளர் கார்ல் மோசனர் விதான அடர்த்தி, அதாவது மரத்தலைகள் தரையை மறைக்கும் அளவு, அதைக் கணிக்க ஓர் அளவுகோல் அட்டையை வெளியிட்டார். வரிசையாகச் சிறு கட்டங்கள், உள்ளே கறுப்புப் புள்ளிகள். முதல் கட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். போகப்போக நெருங்கி, கடைசியில் வெள்ளை தெரிவதே அரிது. படங்களை முப்பரிமாணமாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் படத்துக்குப் பக்கத்தில் அட்டையை வைத்து, எந்தக் கட்டம் காட்டை ஒத்திருக்கிறது என்று பார்த்தால் போதும். சதவீதத்தை ஊகிப்பதைவிட இரண்டை ஒப்பிடுவது கண்ணுக்கு எளிது. அந்த எளிமைதான் இதன் பெருமை என்பேன்.

பிறகு கணினி வந்தது. 1995இல் கனடிய ஆய்வாளர் ஃபிரான்சுவா குஷோன், மரத்தலைகளுக்கு நடுவே ஓடும் நிழலைப் பள்ளத்தாக்குபோல் பின்தொடர்ந்து தனித்தனி மரத்தைப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டார். ஏமாற்றிய நிழலே எல்லைக்கோடாயிற்று!

இந்தியாவில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இரண்டாண்டுக்கு ஒருமுறை தயாராகும் வன அறிக்கையும் விதானத்தைத்தான் அளக்கிறது: 70 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை நடுத்தரம், 10 முதல் 40 வரை திறந்த காடு. ஒரு ஹெக்டேரும் 10 சதவீத விதானமும் இருந்தால் தனியார் தோப்பும் இதில் சேரும். எனவே ‘வனப்பரப்பு கூடியது’ என்ற செய்தியைப் படித்தால் அத்தோடு நிற்காதீர்கள். கூடியது எந்த வகுப்பு என்று அறிக்கையின் அட்டவணையைத் திறந்து பாருங்கள்.