கண்டியின் சங்கச் சீர்திருத்தம்: வரலாற்றாசிரியர் பார்வைகள்

1753ஆம் ஆண்டு எசல பௌர்ணமியன்று கண்டி மல்வத்தை விகாரையில், சியாமிலிருந்து வந்திருந்த உபாலி தேரர் சிங்களச் சாமணேரர்களுக்கு (இளநிலைத் துறவியருக்கு) உபசம்பதா எனும் முழுத் துறவு அளித்தார். அப்போது இலங்கையில் உபசம்பதா பெற்ற பிக்குகள் இல்லை. மத்திய தேசத்துக்கு, அதாவது புத்தர் வாழ்ந்த வட இந்தியப் பகுதிக்கு, வெளியேயும் பிக்குகள் ஐவரேனும் கூடாமல் அச்சடங்கு செல்லாது என்பது விநய விதி. 1697இல் அரக்கானிலிருந்து கொண்டுவந்த பரம்பரையும் அதற்குள் அற்றுப்போயிருந்தது. விகாரைகளும் அவற்றின் நிலங்களும் கணின்னான்சேமார் எனப்பட்ட, உபசம்பதா பெறாத துறவியர் கையில் இருந்தன. இவர்களிற் பலர் குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள். வெலிவிட்ட சரணங்கரர் இதற்கு மாறாக ‘சில்வத் சமாகம’ (ஒழுக்கமுடையோர் சங்கம்) என்ற குழுவைக் கட்டினார். மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் பிக்குகளை அழைத்துவர ஒல்லாந்தர் கப்பலில் சியாமுக்குத் தூது அனுப்பினான்.

இருண்டு கிடந்த பௌத்த சாசனம் ஒளிபெற்றது என்பதே சூளவம்சம் என்ற பாலி வரலாற்று நூல் தரும் சித்திரம். அப்பகுதியை எழுதிய திப்பட்டுவாவே தேரர் சரணங்கரரின் மாணவர். ஆகவே கணின்னான்சேமார் பற்றிய செய்திகள் பெரும்பாலும் எதிர்த்தரப்பின் சாட்சியமே. ஐரோப்பாவில் 11ஆம் நூற்றாண்டில் போப் ஏழாம் கிரகோரி நடத்திய திருச்சபைச் சீர்திருத்தத்துக்கும் இது பொருந்தும்: மணம் செய்த குருமாரைப் பற்றிய வசைகளும் சீர்திருத்தக்காரர் எழுதியவையே.

கித்சிறி மலல்கொட (1976) சமயப் பக்தியைவிட அமைப்பையும் சாதியையும் கவனித்தார். ஜோன் ஹோல்ட் (1996) அரசனை நோக்கினார்: தென்னிந்திய நாயக்கர் வழிவந்த மன்னன் விகாரைகளையும் சுவரோவியங்களையும் கொண்டு தன்னைப் பௌத்த அரசனாக நிலைநிறுத்தினான் என்பது அவர் வாதம். ஆன் பிளாக்பர்ன் (2001) வீழ்ச்சி, எழுச்சி என்ற கதையையே ஐயுற்றார். பாலி நூல்களைக் கற்பித்த முறையே புதிய சங்கத்தை உருவாக்கியது என்கிறார் அவர். மூவரில் இவரது வாசிப்பே மூலங்களோடு நெருங்கி உறவாடுகிறது.

அரசனுக்கும் சங்கத்துக்கும் இடையே இணக்கம் மட்டும் நிலவவில்லை. 1760இல் அவனைக் கொல்லச் சதி நடந்தது, சரணங்கரரும் சிறைப்பட்டார். அரசன் திருநீறு பூசியது குறையாகச் சொல்லப்பட்டது. இது சிங்கள பௌத்த உணர்வின் வெளிப்பாடா, பிரதானிகளின் அதிகாரப் போட்டியா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்தில்லை. கண்டியின் ஆண்டு ஊர்வல விழாவான எசல பெரஹராவில் நாத, விஷ்ணு, கந்தன், பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்களுக்கு முன்னே தந்ததாதுப் பேழை சென்றதும் இக்கால மாற்றமே. சியாமியப் பிக்குகளின் முறைப்பாடு அதற்குக் காரணம் என்பது மரபு.

உபசம்பதா மல்வத்தை, அஸ்கிரிய ஆகிய கண்டி விகாரைகளுக்கே உரியதாகி, கொவிகம சாதியினருக்கே கிடைத்தது. இதனால் ஒதுக்கப்பட்ட கரையோரச் சலாகமச் சாதியினர் பர்மாவுக்குச் சென்று உபசம்பதா பெற்றுத் திரும்பி, 1803இல் அமரபுர நிகாய என்ற தனிச் சங்கப் பிரிவைத் தொடங்கினர்.