வாழ்த்து வரலாற்றுக்கு! வாட்டம் ஆசிரியருக்கு!

பொருநைக் கரையில் பிறந்தோருக்குப் பழம்பெருமை பேசக் கற்றுத் தரவேண்டியதில்லை. கொற்கை முத்து என்போம். ஆதிச்சநல்லூர்த் தாழி என்போம். 1876-இல் ஜாகர் என்ற செர்மானியர் வந்து தோண்டினார், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார் என்று அடுக்குவோம். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டபோது, இந்த மாவட்டங்களின் தேநீர்க் கடைகளிலெல்லாம் அதுதான் பேச்சு!

மகிழ்ச்சி. ஆனால், தோழர்களே, ஒரு கேள்வி. தாழியைத் தோண்டி எடுத்தால் போதுமா? அது சொல்லும் செய்தியை மாணவனுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டாமா? அந்த ஆசிரியரை நாம் எப்படி வைத்திருக்கிறோம்?

பதிலைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நெல்லைச் சீமையின் பல்கலைக்கழகத்துக்கு 1990-இல் எவர் பெயர் சூட்டப்பட்டதோ, அந்த மனோன்மணீயம் சுந்தரனாரின் வாழ்க்கையைப் புரட்டினாலே போதும்.

1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர் சுந்தரம் பிள்ளை. 1877-இல், இருபத்திரண்டு வயதில், திருநெல்வேலியின் ஆங்கில–தமிழ்ப் பள்ளிக்குத் தலைமை ஏற்க வந்தார். அந்தப் பள்ளிதான் பின்னாளில் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. பிறகு திருவனந்தபுரம் திரும்பிய அவர், 1885 முதல் 1897-இல் மறையும் வரை அங்கே தத்துவப் பேராசிரியர். நாடகம் எழுதினார் என்பதை நாடறியும். தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் நாடறியும். அவர் வரலாற்று ஆய்வாளர் என்பதைத்தான் பலர் அறியார்!

திருஞானசம்பந்தர் எந்தக் காலத்தவர்? அந்நாளில் இது பெருங்குழப்பம். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் கண்ட அறிஞர் கால்டுவெல், 1881-இல் நெல்லை மாவட்டத்துக்கே வரலாறு எழுதியவர், கூன்பாண்டியனைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கொண்டுபோய் நிறுத்தினார். சம்பந்தரும் கூடவே அங்கே போய்ச் சேர்ந்தார். சுந்தரனார் அதை ஏற்கவில்லை. புராணத்தைத் துணைக்கு அழைத்தாரா? இல்லை. சம்பந்தரைக் குறிப்பிடும் பிற்கால நூல்கள் எவை, அவற்றின் காலம் என்ன என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராகச் சம்பந்தர் இருக்கமுடியாது என்று நிறுவினார். திருவிதாங்கூரின் பண்டை மன்னர்களைப் பற்றி ஆராய்ந்தபோதும் அவர் நம்பியது கல்வெட்டைத்தான், கட்டுக்கதையை அல்ல.

பேரறிஞர் சொன்னார் என்பதற்காக ஏற்காதே; சான்று சொல்கிறதா என்று பார். இதுதானே பகுத்தறிவு! இந்தத் துணிவுக்கு அறிவு வேண்டும், ஐயமில்லை. அதனுடன் இன்னொன்றும் வேண்டும்: நாளைக்கும் இந்த நாற்காலி தனக்கு உண்டு என்ற உறுதி. சுந்தரனாருக்கு அது இருந்தது.

இன்று? என்னோடு பயின்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். வரலாற்றில் முதுகலை முடித்தவர். தகுதித் தேர்விலும் தேறியவர். ஒரு கல்லூரியிலே "கௌரவ விரிவுரையாளர்". பெயரிலே கௌரவம்! ஆண்டுக்குப் பதினொரு திங்கள் ஊதியம். மே மாதம் ஒன்றுமில்லை. அந்த மாதத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். "சூனில் மீண்டும் அழைப்பார்களா?" என்று கேட்டேன். "வாய் திறக்காமல் இருந்தால் அழைப்பார்கள்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவர் விடுப்பில் போனால், அவர் திரும்பும்வரை தற்காலிகமாக ஒருவரை வைப்பது நியாயம். அதை எவரும் குறை கூறார். ஒப்பந்த ஆசிரியர் மொத்த இடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதியே கூறியது. 2025 சனவரியில் வெளியான வரைவோ அந்த வரம்பையே நீக்க முற்பட்டது! சிறப்பு விரிவுரையாளருக்குத் திங்களுக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்று 2019-இல் அதே குழு சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் 20,000 ஆக இருந்த ஊதியம் 2023-இல் 25,000 ஆனது, அவ்வளவே. ஆண்டுக்கணக்கில் நீளும் பணிக்குத் தற்காலிகம் என்று பெயர் வைப்பது, பசிக்கு விரதம் என்று பெயர் வைப்பது போன்றதல்லவா?

சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் உண்டு என்று 2016-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில், குசராத்தில் 30,000 ரூபாய்க்கு உழைத்த ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கிலும் அதே நீதியை நிலைநாட்டியது. விழாக்களில் குருவைப் பிரமன் என்றும் விட்டுணு என்றும் ஓதினால் மட்டும் போதாது, நடத்தும் முறையிலும் அது தெரியவேண்டும் என்ற கருத்தையும் சேர்த்துச் சொன்னது. கடவுளாக்கிக் கும்பிட்டுக் கூலியைக் குறைக்கும் தந்திரம் நமக்குப் புதிதா என்ன!

"இது சில ஆயிரம் பேரின் சம்பளச் சிக்கல்தானே?" என்பார் சிலர். இல்லை. மாணவனின் சிக்கல், ஊரின் சிக்கல்.

பொருநையின் கதை முத்தும் நெல்லும் மட்டுமா? இதே ஆற்றங்கரைச் சேரன்மாதேவியில், காங்கிரசின் நிதி உதவியும் பெற்ற குருகுலத்தில், பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. 1925-இல் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதை எதிர்த்து எழுப்பிய குரல் தமிழ்நாட்டு அரசியலின் திசையையே மாற்றியது. இதே ஆற்றில், 1999 சூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காகச் சென்ற ஊர்வலத்தின்மீது காவலர் தடியடி நடத்த, குழந்தை உட்பட 17 உயிர்கள் மாண்டன. இவையும் வரலாறே! இவற்றையும் வகுப்பறையில் பேசியாகவேண்டும். யார் பேசுவது? அடுத்த சூனில் வேலை உண்டா என்று அஞ்சுபவரா? தாழியின் பழமையைப் பேசினால் கைதட்டுவார்கள். தனிப்பந்தியைப் பேசினால் முகம் சுளிப்பார்கள். முகச்சுளிப்புக்கு அஞ்சும் நிலையில் ஆசிரியரை வைத்துவிட்டால், எஞ்சுவது வரலாறு அல்ல, தலபுராணம்!

நான் பள்ளி ஆசிரியன். என் மாணவர்கள் நாளை கல்லூரிப் படியேறுவார்கள். "சான்று எங்கே?" என்று கேட்க அவர்களுக்குப் பழக்கியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு நேர்நின்று விடைசொல்லும் ஆசிரியர் அங்கே இருக்கவேண்டும். பதினொரு திங்கள் அல்ல, பன்னிரண்டு திங்களும் இருக்கவேண்டும்.

சுந்தரனார் பெயரைப் பலகையில் எழுதிவிட்டோம். அவருக்கிருந்த நாற்காலியை அவர் வழிவந்தோருக்கும் கொடுப்போம்!